வீரனாருக்கு சிக்ஸ் பேக்

போன ஆடி மாசம் நடந்த கதை இது. ரெண்டு பைக்குல நாலு பசங்க கடைக்கு வந்தாங்க, நாலு பேருக்கும் ஒரே மாதிரி சைடு மழிச்ச கட்டிங், மயிலாடுதுறைலேந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு கிராமம், அவங்க ஊரு வீரனாருக்கு படையல் வருதாம், பத்துக்கு எட்டுல ஒரு ஃப்ளெக்ஸ் வேணும்னாங்க. நான் இந்த ஃப்ளெக்ஸ் கடைல டிசைனரா உக்காந்து பதினோரு வருசமாச்சு, கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சி, கபடி எல்லாத்துக்கும் என்கிட்ட டெம்ப்ளேட் இருக்கு, சாமிக்கும் இருக்கு. அதத்தான் தொறந்து காட்டுனேன். குதிரை மேல வீரனாரு, கைல அருவா, முறுக்கு மீசை, பின்னாடி செவப்பு வெளிச்சம். பாத்துட்டு அதுல ஒருத்தன் சொல்றான், "அண்ணே, இது பழசா இருக்குண்ணே. தோர் மாதிரி பண்ணிக் குடுங்க."

"எந்த தோர்?"

"சுத்தியல் வச்சிருப்பான்ல, அவன்தான். பாடி அப்படி இருக்கணும். அருவாலேந்து கரண்டு பாயணும். சிக்ஸ் பேக் கண்டிப்பா வேணும்ணே."

வேற யாராவது இருந்தா சிரிச்சிருப்பாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஜாலியா இருந்துச்சு, ஏன்னா நான் காமிக்ஸ் பைத்தியம். எங்க அப்பா குத்தகை நெலத்துல விவசாயம் பண்ணவரு, ஆனா அவரோட டிரங்கு பொட்டிக்கு அடியில பத்திரம், ரசீது இதெல்லாத்துக்கும் கீழ நாலஞ்சு பழைய முத்து காமிக்ஸ் கெடக்கும், அட்டை கிழிஞ்சு போயி. இரும்புக்கை மாயாவி. ஒரு கை இரும்பு, கரண்டு ஷாக் அடிச்சா ஆளு மறைஞ்சுருவான், அந்தக் கை மட்டும் காத்துல மெதக்கும். நான் அத படிச்ச காலத்துல எங்க ஊர்ல கரண்டு வந்தா அதிசயம், மாயாவி எங்க ஊர்ல பொறந்திருந்தா வாரத்துல பாதி நாள் வேலைக்குப் போயிருக்க முடியாது.

அந்த முத்து காமிக்ஸ் வந்தது சிவகாசிலேந்து. எங்க வீட்டுச் செவத்துல தொங்குன முருகன் காலண்டரும் சிவகாசிலேந்துதான். அதனால சின்ன வயசுல எனக்கு மாயாவியும் முருகனும் ஒரே ஊர்க்காரங்க, ஒரே பிரஸ்ல பக்கத்து பக்கத்துல மை காயுற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தவங்க, அவ்ளோதான் வித்தியாசம். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரு சிஷ்யர்களும் போட்ட சாமி படங்கள பாத்திருப்பீங்க, அவர் 1976லயே போய்ச் சேந்துட்டாரு ஆனா அந்த முகம் இன்னும் நம்ம பூஜை ரூம்ல இருக்கு. உப்புன கன்னம், வெண்ணெய் மாதிரி கை, நெஞ்சு புஸ்ஸுன்னு இருக்கும், வேல புடிச்சிருக்கிறது கூட பூவ புடிச்ச மாதிரி இருக்கும். அந்த சாமிக்கு சண்டை போடத் தெரியுமான்னு சின்ன வயசுல எனக்கு பயங்கர டவுட்டு.

இப்ப அப்படி இல்ல. 2015ல காசர்கோட்டுக்காரர் கரண் ஆச்சார்யா காவியும் கருப்புமா ஒரு ஹனுமான் முகம் போட்டாரே, கார் பின் கண்ணாடியில எல்லாம் வந்துச்சே, என் கடை அனுபவத்துல அதுக்கப்பறம்தான் கஸ்டமர் எல்லாம் "சாமி மொறைக்கணும்" னு கேக்க ஆரம்பிச்சாங்க. அப்பறம் ஏஐ வந்துச்சு. இப்ப எந்த சாமியக் கேட்டாலும் அது ஒரே ஒடம்பத்தான் குடுக்குது, தலைய மட்டும் மாத்துது. சிவன், முருகன், கருப்பு, ஐயனார் எல்லாரும் ஒரே ஜிம்முக்குப் போயிட்டு வந்த மாதிரி.

சரின்னு நானும் பண்ணேன். நல்லாவே பண்ணேன், பொய் சொல்லக்கூடாது. வீரனாருக்கு நெஞ்சு ரெண்டு பலகை, வயித்துல ஆறு கட்டி, அருவாலேந்து நீலக் கலர்ல மின்னல், குதிரைக்கு கண்ணு செவப்பு. பசங்க ஃபோன்ல போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டுதான் காசே குடுத்தாங்க.

இந்த எடத்துல தோர் பத்தி ஒண்ணு சொல்லணும். வடக்க, பனி விழுற நாட்டுப் பழைய கதைகள்ல வர்ற தோருக்கு செவப்பு தாடி. ரெண்டு ஆட்டுக்கெடா பூட்டின வண்டியில போவான். ராத்திரி பசிச்சா அந்தக் கெடாவையே அறுத்து சமைச்சு சாப்டுட்டு, எலும்ப எல்லாம் தோல் மேல போட்டு வச்சுருவான், காலைல சுத்தியல அதுக்கு மேல தூக்கிப் புடிச்சா ஆடு ரெண்டும் எழுந்து நிக்கும், மறுபடி வண்டிய பூட்டிக்கிட்டு கெளம்பிருவான். எவ்ளோ நல்லாருக்கு பாருங்க. 1962ல மார்வெல்ல ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கிர்பி மூணு பேரும் அவன எடுத்து தாடிய செரைச்சு, முடிய மஞ்சளாக்கி, ஊனமுற்ற ஒரு டாக்டருக்குள்ள ஒளிச்சு வச்சாங்க. அந்த டாக்டர் ஐடியா எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா கறிச்சோறு தின்ன சாமிய ஷேவ் பண்ணி ஜிம்முக்கு அனுப்புன மாதிரிதான எனக்குத் தோணுது. நான் வீரனாருக்குப் பண்ணதும் அதேதான். அவருக்கும் கெடா வெட்டுதான்.

படையல் அன்னிக்கி என்னையும் கூப்ட்டாங்க, கறிச்சோறுன்னு சொன்னா நான் எந்த ஊருக்கும் போவேன். வாய்க்கால் கரையில கோயில், கோயில்னா பெரிய கட்டடம்லாம் இல்ல, வேப்பமரம், ஒரு மேடை, சூலம், பக்கத்துல சிமெண்ட்ல செஞ்ச வீரனாரு உக்காந்திருக்காரு, நல்ல தொந்தி. ரோட்டோரமா மூங்கி நட்டு நம்ம ஃப்ளெக்ஸ். பூசாரி ஒரு தாத்தா, எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும், துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ஃப்ளெக்ஸுக்கு முன்னாடி நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. நான் பாராட்டு வரும்னு பக்கத்துல போய் நின்னேன்.

"யாரு தம்பி இது?"

"நம்ம வீரனார்தான் தாத்தா."

"வயித்துல என்ன கோடு கோடா?"

நான் முழிச்சேன். சிக்ஸ் பேக்க அந்த வயசுல ஒருத்தருக்கு எப்படி விளக்குறது? ஒடற்பயிற்சி, ஒடம்பு கட்டு அப்படின்னு ஏதோ உளறுனேன். அவரு காதுல வாங்கல. "ஊரே கூடி பொங்க வைக்கிறோம், கெடா வெட்டுறோம், இவன பாத்தா ஒரு வாரமா சோறு காணாதவன் மாதிரி இருக்கான். அசலூர்க்காரன் பாத்தா என்ன சொல்லுவான், சாமிக்கே சோறு போடாத ஊருன்னு சொல்லமாட்டான்?" அப்பறம் கொஞ்சம் எறங்கி வந்து, "காவக்காரன் தம்பி. விடிய விடிய முழிச்சு நிக்கணும். வயித்துல ஏதாச்சும் கெடந்தாத்தான் நிக்க முடியும்."

பசங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், கறிச்சோறு ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டேன். ஆனா வண்டியில திரும்பி வர்றப்ப ரெண்டு பக்கமும் குறுவை நடவு நட்ட வயலு, தண்ணி பளபளன்னு கெடக்கு, எனக்கு அந்த தாத்தா சொன்னதே ஓடிக்கிட்டு இருந்துச்சு. நெல்லு வெளையிற ஊர்ல வயிறு ஒட்டுன சாமி. நானே ஒரு விவசாயி மகன், எனக்கு இது எப்படி ஒறைக்காம போச்சு?

அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு சுவாமிமலைக்கு ஒரு வேலையா போனேன், ஒரு பட்டறைக்கு கேட்லாக் டிசைன் பண்ணணும், சிலைங்கள எல்லாம் போட்டோ எடுக்கணும். அங்க மெழுகுல மொதல்ல சாமி செய்வாங்க, தேன்மெழுகு, குங்கிலியம், கடலெண்ணெய் மூணையும் காய்ச்சிக் கலந்த மெழுகு, அதுமேல காவேரி வண்டல் மண்ண பூசி, காய வச்சு, சூடு பண்ணா மெழுகு உருகி ஓடிரும், அந்த வெத்து எடத்துல உலோகத்த ஊத்துவாங்க. அளவெடுக்க டேப் கெடையாது. தென்னை ஓலைய சிலை ஒசரத்துக்கு நறுக்கி, மடிச்சு மடிச்சு பங்கு பிரிப்பாங்க, ஓடியோலைன்னு பேரு. முகம் இத்தனை பங்கு, கழுத்திலேந்து மார்பு இத்தனைன்னு எல்லாம் அந்த ஓலை மடிப்புலயே இருக்கு. நான் ஸ்தபதிகிட்ட கேட்டேன், ஏங்க, நடராஜர் இவ்ளோ ஆடுறாரே, ஒரு மசில் கூட தெரியலயே?

அவரு மெழுக வழிச்சுக்கிட்டே சொன்னாரு, "நரம்பு தெரியக்கூடாது, எலும்பு தெரியக்கூடாது, சதை முறுக்கக்கூடாது. உள்ள மூச்சு நெறைஞ்சு நிக்கிற ஒடம்பு தம்பி அது. எங்க, மூச்ச நல்லா உள்ள இழுத்து நிறுத்துங்க." இழுத்தேன். "இப்ப வயித்துல கோடு தெரியுதா?"

எனக்கு வெளிய விட்டாலும் தெரியாது, அது வேற விசயம்.

"எலும்பு தெரியணும்னா அம்மையாருக்கு மட்டும்தான்" னாரு கடைசியா. காரைக்கால் அம்மையார சொல்றாரு. இது எனக்கு பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. சூப்பர் ஹீரோ கதைன்னா நோஞ்சானா இருக்கிறவன் மருந்து குடிச்சு கட்டுமஸ்தா ஆவான், கூனிக் குறுகி நடந்தவன் நிமிந்து பறப்பான். இங்க காரைக்கால்ல ஒரு வியாபாரி வீட்டு அழகான பொண்ணு, கைய நீட்டுனா மாம்பழம் வந்து விழுது, புருசன்காரன் பயந்து போய் வேற ஊர்ல வேற கல்யாணம் பண்ணிக்கறான். இந்தம்மா என்ன கேக்குது தெரியுமா, இந்த சதைய எடுத்துட்டு எனக்கு பேய் ஒடம்பு குடுன்னு கேக்குது. வத்தல் தொத்தலா, விலா எலும்பு தெரிய, தலையால நடந்து கயிலாயம் ஏறுது. அப்பா அம்மா இல்லாத சிவன் அந்த உருவத்தப் பாத்து "அம்மையே" ங்கறாரு. எந்த அமெரிக்க எடிட்டர்கிட்ட போய் இந்த கதைய சொன்னாலும் "ஆப்போசிட்டா எழுதிட்டீங்க சார்" னு திருப்பிக் குடுத்துருவான்.

அன்னிலேந்து ஞாயித்துக்கெழமை ஆனா பைக்க எடுத்துக்கிட்டு கெளம்பிருவேன். வீட்டுல பக்தி வந்துருச்சுன்னு சந்தோசப்பட்டாங்க. நான் பக்தியோட போனேனா, கதை திருடப் போனேனான்னு எனக்கே சரியா தெரியாது, ரெண்டும்தான்னு வச்சுக்கங்களேன். அட்ட வீரட்டானம்னு எட்டு ஊரு இருக்கு, சிவன் எட்டு சாகசம் பண்ண எட்டு எடம், திருவதிகையும் திருக்கோவிலூரும் வடக்கால போயிருது, மிச்சம் ஆறும் நம்ம டெல்டாவுலதான். எட்டு இஷ்யூ காமிக்ஸ்னு வச்சா ஆறு இஷ்யூ பஸ் டிக்கெட் தூரத்துல நடக்குது.

இதுல எனக்கு மொதல்ல ஒறைச்சது என்னன்னா, சூப்பர்மேன் 1938ல வர்றப்ப அவனுக்கு பலவீனமே கெடையாது. அப்பறம் கதைய ஓட்டணும்ல, 1943ல ரேடியோ நாடகத்துலதான் மொதல்ல கிரிப்டோனைட் வருது, காமிக்ஸுக்கு அதுக்கும் அப்பறம்தான் வந்துச்சு. பச்சைக் கல்லு ஒண்ண கொண்டாந்து பக்கத்துல வச்சா ஹீரோ சுருண்டுருவான். அந்த எட்டு ஊர்ல ஒண்ணான கண்டியூர்ல அதுக்கு அவசியமே இல்ல. பிரம்மாவோட அஞ்சாவது தலைய சிவன் கிள்ளி எடுத்துட்டாரு, ஜெயிச்சாச்சு, கதை முடிஞ்சுதுன்னு நெனைச்சா அந்த மண்டை ஓடு கைய விட்டு எறங்க மாட்டேங்குது. ஜெயிச்சதே கையில ஒட்டிக்கிச்சு. அத தூக்கிக்கிட்டு பிச்சை எடுக்கணும். கடைசில அந்த சாபம் தீருறது எங்க, அதே கண்டியூர்ல இருக்கிற பெருமாள்கிட்ட, பேரே அரன் சாபம் தீர்த்த பெருமாள். ஒரே ஊர்ல ரெண்டு கோயிலு, ஒருத்தர் சிக்கல இன்னொருத்தர் எடுத்துவிடறாரு. இதுக்குப் பேருதான இப்ப கிராஸ்ஓவர்னு சொல்லி டிக்கெட் விக்கிறாங்க.

திருவிற்குடி இன்னும் மாஸ். ஜலந்தரன்ங்கற அசுரன் சண்டைக்கு வர்றான். சிவன் சண்டையே போடல, வயசானவரா வந்து கால் கட்டைவெரலால தரையில ஒரு வட்டம் போட்டு இத தூக்கித் தலையில வையி பாப்போம்னு சொல்றாரு. அவன் திமிருல தூக்குறான், தலைக்குக் கொண்டு போறப்ப அது சக்கரமாகி அவனையே பொளந்துருது. ஒரு பெருவெரலு, ஒரு வட்டம், முடிஞ்சுது. நான் இத நாலு பேனல்ல வரைஞ்சேன், இன்னி வரைக்கும் நான் வரைஞ்சதுலயே அதுதான் பெஸ்ட்டு, ஏன்னா அதுல வரைய வேண்டியதே கம்மி.

திருக்கடையூர பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, எமன எட்டி ஒதைச்ச எடத்துல போய் நம்ம ஊரு தாத்தா பாட்டிங்க மாலைய மாத்திக்கிட்டு அறுபதாங் கல்யாணம் பண்ணிக்கறாங்க, எமனுக்கு இத விட அசிங்கம் கெடையாது.

வழுவூருக்கு வருவோம். யானைய உரிச்ச கதை. தாருகாவன ரிசிங்க ஏவி விட்ட யானை, சிவன் அத உரிச்சு அந்தத் தோல ரெண்டு கையாலயும் பின்னாடி விரிச்சுப் புடிச்சுக்கிட்டு திரும்பி நிக்கிறாரு. அத பாத்தப்ப எனக்கு மொதல்ல தோணுன வார்த்தை "கேப்", சூப்பர் ஹீரோ முதுகுல பறக்குமே அந்தத் துணி. சத்தியமா. துணியில இல்ல, பச்ச யானைத்தோல்ல கேப்பு. நான் போட்டிருந்த எல்லா ஃப்ளெக்ஸயும் விட அது டெரரா இருந்துச்சு. ஆனா பக்கத்துலயே அம்பாள் நிக்கிறாங்க, இடுப்புல கொழந்தை முருகன், அம்பாள் பயந்துபோய் அந்தப் பக்கம் திரும்பிப் போகப் பாக்குறாங்க. நான் அந்த எடத்துல ரொம்ப நேரம் நின்னேன். என் கிட்ட இருக்கிற எந்த காமிக்ஸ்லயும் ஹீரோ ஜெயிச்சு நிக்கிற பக்கத்துல வீட்டுக்காரம்மா புள்ளைய அணைச்சுக்கிட்டு பயந்து திரும்புற படம் இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் உள்சுத்துல இருக்கிற சோழர் காலத்து திரிபுராந்தகர் ஓவியத்துலயும் இப்படி ஒண்ணு உண்டு, எதிர்ல வர்ற அசுரனுங்கள அவங்க பொண்டாட்டிங்க கட்டிப் புடிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி வில்லன் வீட்ட பத்தி யோசிச்சு வரைஞ்சிருக்கான் ஒருத்தன். நான் வில்லன்னா கொம்பு வச்சு பல்லு வைக்கிறதோட சரி.

எல்லாத்தையும் வரைஞ்சுட்டேன்னு நெனைக்காதீங்க. திருப்புன்கூர் போனேன், வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்துல. நந்தனார் வெளிய நின்னு எட்டி எட்டிப் பாக்குறாரு, நந்தி மறைக்குது, சிவன் நந்திய வெலகச் சொல்றாரு, நந்தி இன்னிக்கும் அங்க கொஞ்சம் வெலகித்தான் இருக்கு. கல்லுல செஞ்ச அவ்ளோ பெரிய மாட்ட தொடாமலே நகத்துனவரு. பவர்னா அதான பவரு. ஆனா அவரு உள்ள போகல. மாடுதான் நகந்துச்சு, வாசல் அப்படியேதான் இருந்துச்சு. "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" னு சிதம்பரத்த பத்தி சொல்லிச் சொல்லியே பெரியபுராணத்துல அவருக்கு திருநாளைப்போவார்னு பேரு. கடைசில சிதம்பரத்துல நெருப்புல எறங்கித்தான் உள்ள போக முடிஞ்சுது. அந்த நெருப்புப் பக்கத்த நான் மூணு தடவ ஆரம்பிச்சேன். ஆரஞ்சு கலர் போட்டு, கை ரெண்டையும் கூப்பி, பின்னாடி ஒளி வட்டம் வச்சு ஜோரா வரைஞ்சரலாம், கை தன்னால அதத்தான் போடுது. போட்டுட்டுப் பாத்தா எனக்கே கூசுது. அழிச்சுட்டேன்.

பெரியாச்சி மட்டும் சும்மா அட்டகாசமா வந்துச்சு. மருத்துவச்சி. ராஜாவோட புள்ள தரையில பட்டா ராஜா செத்துருவான்னு சாபம், பிரசவம் பாக்க வந்தவங்க புள்ளைய கீழ படாம ஏந்திப் புடிச்சுக்கிட்டாங்க, கூலி கேட்டா குடுக்காம கொல்லப் பாக்குறான், அவ்ளோதான், ராஜா காலுக்கடியில, ராணி மடியில கொடல் சரிஞ்சு கெடக்கா, ஆனா ஒசக்க தூக்குன கை மட்டும் கொழந்தைய விடல. இந்த ஊர்ல இன்னும் புள்ள பெத்தா பெரியாச்சிக்கு படையல் போடுற வீடு இருக்கு. நடுத்தர வயசு, நல்ல தெம்பான ஒடம்பு, கூலி குடுக்கலன்னா கொல பண்ணுவாங்க. ஃப்ளெக்ஸ் அடிச்சு காசு பாக்கி வச்சிருக்கிற கஸ்டமருக்கு எல்லாம் அந்த படத்த வாட்ஸ்அப்ல அனுப்பலாமான்னு இருக்கு.

ஆனா என்ன முழுசா கவுத்தது திருவாரூர். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபம், ஆயிரங்கால் மண்டபம்னு சொல்வாங்களே, அதோட விதானத்துல ஓவியம் இருக்கு, முந்நூறு வருசத்துக்கு மேல பழசு. கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்தேன். கட்டம் கட்டமா வரிசையா கதை போகுது, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ தமிழ்ல என்ன நடக்குதுன்னு எழுதியிருக்கு. ஒரு நிமிசம் எனக்கு பேச்சு வரல. இது காமிக்ஸ்யா! பேனல், கேப்ஷன், கூட்டம், தேர், வாணவேடிக்கை, எல்லாம் இருக்கு. வரைஞ்சவர் பேரு சிங்காதனம், அவரு பேரும் அதுலயே இருக்கு. சிவகாசிக்கு முன்னாடியே திருவாரூர்ல இஷ்யூ போட்டுட்டாங்க, என்ன, வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது.

ஹீரோ யாரு தெரியுமா, முசுகுந்தன். கொரங்கு மூஞ்சி ராஜா. முற்பிறவியில கொரங்கு, ஒரு சிவராத்திரி அன்னிக்கி ராத்திரி முழுக்க மரத்துல உக்காந்து சும்மா வில்வ இலையா பிச்சு பிச்சுக் கீழ போட்டுக்கிட்டு இருந்துச்சு, கீழ சிவனும் பார்வதியும் இருக்காங்க. அர்ச்சனையாயிருச்சு. ராஜாவா பொறப்பேன்னு வரம் கெடைக்குது, அப்ப அது கேக்குது, மூஞ்சி மட்டும் இப்படியே இருக்கட்டும், மறந்துரக் கூடாதுல்ல. முகமூடி போட்டு முகத்த மறைக்கிற ஹீரோ ஆயிரம் பேர பாத்துட்டேன், எனக்கு இந்த மூஞ்சியே வேணும்னு கேட்டு வாங்குன ஹீரோவ இப்பதான் பாக்குறேன். சோழ ராஜா கிரீடம், பட்டு, நகை, அதுக்கு மேல கொரங்கு மொகம், யாரும் சிரிக்கல, இந்திரன் கூட எழுந்து நிக்கிறான்.

இந்திரனுக்காக அசுரன்கூட சண்டை போட்டு ஜெயிச்சதுக்கு இவரு கேட்டது தியாகராஜர் விக்கிரகத்த. இந்திரனுக்கு குடுக்க மனசில்ல, அதே மாதிரி இன்னும் ஆறு செஞ்சு ஏழையும் வரிசையா வச்சு நீயே எடுத்துக்கோன்னுட்டான். முசுகுந்தன் சரியா அசல எடுத்துட்டாரு, அப்பறம் ஏழும் இவருக்கே வந்துச்சு, அதான் சப்த விடங்கம், திருவாரூர், நாகப்பட்டினம், திருநள்ளாறு, வேதாரண்யம், திருக்குவளை, திருவாய்மூர், திருக்காறாயில்னு ஏழு ஊரு. ஒவ்வொரு ஊர்லயும் தியாகராஜர் ஒரு தினுசா ஆடுவாரு. திருவாரூர்ல ஆடுறது அசபா நடனம். அசபான்னா வாயால சொல்லாம மூச்சுலயே ஓடுற மந்திரம். ஏன் அந்தப் பேருன்னா, இந்திரன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அந்த விக்கிரகத்த பெருமாள் பாற்கடல்ல படுத்துக்கிட்டு தன் நெஞ்சு மேல வச்சிருந்தாராம். அவரு மூச்சு விட விட நெஞ்சு ஏறி எறங்குது, மேல இருக்கிற தியாகராஜரும் கூடவே ஏறி எறங்குறாரு. அந்த மூச்சுதான் அந்த ஆட்டம்.

சுவாமிமலைல ஸ்தபதி மூச்ச இழுக்கச் சொன்னது அங்க, அந்த மண்டபத்துல அண்ணாந்துக்கிட்டு நிக்கிறப்பதான் எனக்கு திரும்ப ஞாபகம் வந்துச்சு. செக்யூரிட்டி வந்து "என்ன தம்பி, மயக்கமா?" ன்னாரு.

அப்பதான் முடிவு பண்ணேன், முசுகுந்தன முழு காமிக்ஸா போடறதுன்னு. முப்பத்திரெண்டு பக்கம். கொரங்கு வருது, வில்வம் விழுது, சண்டை, ஏழு விக்கிரகம், எல்லாம் ஓரளவு வந்துருச்சு. அந்த பெருமாள் நெஞ்சு பக்கம் மட்டும் வரல. சண்டைன்னா கோடு போடலாம், மின்னல் விடலாம், வேகத்துக்கு எல்லாம் காமிக்ஸ்ல குறியீடு இருக்கு. மூச்சுக்கு என்ன இருக்கு? ஒரே படத்த ஒன்பது கட்டத்துல போட்டு நெஞ்ச மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எறக்கிப் பாத்தேன், லிஃப்ட்டு போற மாதிரி இருந்துச்சு. அலை போட்டேன், வேணாம்னுட்டேன். ரெண்டு மாசம் அந்த ஃபைல தொறக்கவே இல்ல.

நடுவுல அந்த வீரனார் ஊரு பசங்க ஃபோன் பண்ணாங்க, இந்த வருச படையலுக்கு. நான் இந்த தடவ தொந்தியோட போடறேண்டா, பூசாரி தாத்தா சொன்னாருல்லன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, ஏதோ பேசிக்கிட்டாங்க. அப்பறம் ஒருத்தன், "அண்ணே, தாத்தாவுக்காக தொந்தி ஓகேண்ணே. ஆனா கைல மட்டும் கொஞ்சம் கட்டு குடுங்க, அருவா தூக்கணும்ல." நியாயந்தான். மின்னலும் இருக்கட்டும்னுட்டேன், எனக்கும் அது புடிச்சுத்தான் இருந்துச்சு.

போன ஞாயித்துக்கெழமை மதியம், அம்மா வத்தக்கொழம்பும் அப்பளமும் போட்டாங்க. அப்பா சாப்ட்டு கூடத்துல பாய விரிச்சு, தலைக்கு ஒரு கைய குடுத்து ஒருக்களிச்சு டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு, கொஞ்ச நேரத்துல மல்லாந்து கண்ணசந்துட்டாரு. வெறும் ஒடம்பு. வெயில்ல காஞ்ச நெஞ்சு, நரைச்ச முடி, அதுக்குக் கீழ சோறு நெறைஞ்ச வயிறு. நெஞ்சு மேல ரிமோட்டு. மூச்சு உள்ள போறப்ப ரிமோட்டு மெதுவா ஏறுது, மேல போய் ஒரு செகண்டு அப்படியே நிக்குது, எறங்குறப்ப லேசா ஒரு பக்கம் சாயுது, அடுத்த மூச்சுல தன்னால நேராயிருது. அந்த சாயுறது, அதத்தான் நான் போடாம விட்டிருக்கேன். நேரா மேல கீழ போனா லிஃப்ட்டு.

சத்தம் காட்டாம டேப்லெட்ட எடுத்துட்டு வந்து கால்மாட்டுல உக்காந்துட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது கட்டம் போட்டுக்கிட்டு இருக்கேன், டிவில ஏதோ பழைய படம் சத்தமா போகுது, வால்யூம கொறைக்கலாம்னு ரிமோட்டுக்கு கை நீட்டுனேன், இல்ல, கை நீட்டுனேன்னு கூட சொல்ல முடியாது, நெனைச்சேன் அவ்ளோதான். கண்ண தொறக்காமலே சொல்றாரு.

"ரிமோட்ட தொடாத. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."